பழைய பெரிய மோட்டார் யாட் வாங்குதலும் பராமரித்தலும்

பழைய பெரிய மோட்டார் யாட் என்பது, கட்டப்பட்டுப் பல ஆண்டுகள் ஆன, எஞ்சினால் இயங்கும், தங்கும் வசதியுடைய பெரிய உல்லாசக் கலத்தைக் குறிக்கும். ஏறத்தாழ 40 அடி (12 மீட்டர்) முதல் 80 அடி (24 மீட்டர்) வரை நீளமுள்ள கலங்கள் இவ்வகையில் பொதுவாகப் பேசப்படுகின்றன. இத்தகைய கலங்களின் விற்பனை விலை காலப்போக்கில் மிகவும் குறைந்துவிடுகிறது. ஆனால் அவற்றைப் பராமரிக்க ஆகும் செலவு அவ்வாறு குறைவதில்லை. இந்த வேறுபாட்டை அறியாமல் வாங்குவோர் பொருளிழப்புக்கும், சில வேளைகளில் உயிராபத்துக்கும் உள்ளாவதுண்டு. முதன்முறையாக இத்தகைய கலத்தை வாங்குவோர் மேற்கொள்ள வேண்டிய ஆயத்தங்கள், ஆய்வுகள், சட்ட நடைமுறைகள், பராமரிப்பு முறைகள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. பழைய யாட்டுகளுக்கு மிகப் பெரிய சந்தைகளுள் ஒன்றான ஐக்கிய அமெரிக்காவின் நடைமுறைகளே இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளன.

பெயர்

யாட் என்னும் சொல் வேட்டையாடுதல், துரத்துதல் என்னும் பொருளுடைய டச்சு மொழிச் சொல்லிலிருந்து பிறந்தது. தொடக்கத்தில் இது விரைந்து செல்லும் சிறிய பாய்க்கப்பலைக் குறித்தது. பின்னர் உல்லாசப் பயணத்துக்கான கலங்கள் அனைத்துக்கும் பொதுப்பெயராயிற்று. பாயின்றி எஞ்சினை மட்டுமே நம்பி ஓடுவது மோட்டார் யாட் எனப்படுகிறது.

பின்னணி

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பெரிய உல்லாசக் கலங்கள் பெரும்பாலும் மரத்தால் கட்டப்பட்டன. மரக் கலங்கள் உளுத்தும் பிளந்தும் போவதால், தொடர்ந்து பேணப்படாதவை சில பத்தாண்டுகளில் அழிந்துவிடும். கண்ணாடியிழையின் வருகை இந்நிலையை மாற்றியது. வில்லிஸ் சிலேன் என்பவர் 1959 இல் வட கரோலினா மாநிலத்தின் ஹை பாயின்ட் நகரில் ஹாட்டராஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். இந்நிறுவனம் 1960 இல் 41 அடி நீளமுள்ள கண்ணாடியிழைக் கலத்தை நீரில் இறக்கியது. அக்காலத்தில் இவ்வளவு பெரிய கலத்தைக் கண்ணாடியிழையால் கட்ட முடியும் என்பதைப் பலர் ஐயுற்றனர். ஜாக் ஹார்கிரேவ் இந்நிறுவனத்தின் பல கலங்களை வடிவமைத்தார். 1969 இல் அறிமுகமான ஹாட்டராஸ் 53 மோட்டார் யாட் 1980களின் பிற்பகுதி வரை கட்டப்பட்டது. ஹாங்காங்கில் தொடங்கிப் பின்னர் சிங்கப்பூருக்கு விரிவடைந்த அமெரிக்கன் மரீன் நிறுவனம் கிராண்ட் பேங்க்ஸ் என்னும் பெயரில் கட்டிய கலங்கள் 1973 இல் மரத்திலிருந்து கண்ணாடியிழைக்கு மாறின.

கண்ணாடியிழை உளுத்துப் போவதில்லை. எனவே ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட கலங்களின் உடற்கூடு இன்றும் உறுதியாக இருப்பது இயல்பு. ஆனால் அக்கூட்டினுள் உள்ள எஞ்சின், குழாய், மின்கம்பி, தொட்டி, பம்ப்பு ஆகியவற்றின் ஆயுள் அவ்வளவு நீண்டதன்று. உடல் நீண்ட காலம் வாழ, உறுப்புகள் ஒவ்வொன்றாக முதுமையடைவதே பழைய யாட்டின் அடிப்படைச் சிக்கல் ஆகும்.

விலையும் செலவும்

ஒரு கலத்தை ஆண்டுதோறும் வைத்திருக்க அதன் விலையில் பத்தில் ஒரு பங்கு செலவாகும் என்னும் கணக்கு படகு உரிமையாளரிடையே பரவலாக வழங்குகிறது. புதிய கலத்துக்கு இது ஓரளவு பொருந்தலாம். பழைய கலத்துக்கு இது தவறான முடிவைத் தரும். ஏனெனில் மாற்று உறுப்புகளின் விலையும் தொழிலாளர் கூலியும் கலத்தின் இன்றைய மதிப்பைப் பார்த்து அமைவதில்லை.

எடுத்துக்காட்டாக, அதே அளவுள்ள புதிய கலத்தின் விலை 20 இலட்சம் டாலர் என்றும், பழைய கலம் 2 இலட்சம் டாலருக்குக் கிடைக்கிறது என்றும் கொள்வோம். வாங்கிய விலையில் பத்தில் ஒரு பங்கு 20,000 டாலர் ஆகும். ஆனால் இரு கலங்களின் நீளமும் ஒன்றே. ஆகவே நிறுத்திட வாடகை, கரையேற்றும் கட்டணம், அடிப்பகுதிக்குப் பூசும் வண்ணத்தின் அளவு ஆகியன இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கும். பழைய கலத்துக்குப் பழுதுபார்ப்பு கூடுதலாக வேண்டும். ஆகவே வாங்கும் விலையைக் காட்டிலும், அதே அளவுள்ள புதிய கலத்தின் விலையை மனத்திற்கொண்டு செலவைத் திட்டமிடுவதே பாதுகாப்பானது.

அளவும் செலவை வேகமாக உயர்த்துகிறது. ஒரே வடிவமுள்ள இரு கலங்களில் ஒன்று மற்றதைப்போல் இரு மடங்கு நீளம் இருந்தால், அதன் மேற்பரப்பு நான்கு மடங்கும் கொள்ளளவு எட்டு மடங்கும் ஆகின்றன. கூடுதல் கொள்ளளவில் கூடுதல் அறைகள், கழிப்பறைகள், குளிரூட்டிகள், மின்னாக்கிகள் இடம்பெறுகின்றன. 30 அடிப் படகில் ஒரு கழிப்பறையும் ஓர் எஞ்சினும் இருக்கலாம். 55 அடிக் கலத்தில் மூன்று கழிப்பறைகள், இரண்டு எஞ்சின்கள், இரண்டு மின்னாக்கிகள் இருப்பது வழக்கம். பழுதடையக்கூடிய உறுப்புகளின் எண்ணிக்கையும் அதற்கேற்பப் பெருகுகிறது.

இக்காரணங்களால், கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடுவது பெரும் பிழையாகக் கருதப்படுகிறது. முதல் ஆண்டில் எதிர்பாராத பழுதுகளுக்கென ஒரு தொகையைத் தனியே ஒதுக்கிய பின்னரே வாங்கும் விலையின் வரம்பை முடிவு செய்தல் வேண்டும்.

வாங்குமுன் ஆயத்தம்

பயன்பாட்டைத் தீர்மானித்தல்

கலத்தில் குடியிருப்பதா, வார இறுதியில் மட்டும் பயணிப்பதா, தொலைதூரம் செல்வதா என்பதைப் பொறுத்துத் தேவையான கலம் மாறுபடும். கரையோர நீர்வழிக்கு ஏற்ற கலம் திறந்த கடலுக்கு ஏற்றதாக இராது. உயரமும் ஆழமும் பயண எல்லையைக் கட்டுப்படுத்துகின்றன. அட்லாண்டிக் கரையோர நீர்வழியில் உள்ள நிலையான பாலங்களின் கீழ் பெயரளவில் 65 அடி இடைவெளி உண்டு. மயாமியிலுள்ள ஜூலியா டட்டில் பாலத்தின் கீழ் 56 அடி மட்டுமே உண்டு. கிழக்கு அமெரிக்காவைச் சுற்றிவரும் பெருவட்டம் என்னும் நீர்வழியில், சிக்காகோவுக்கு அருகே 19.6 அடி உயரமுள்ள நிலையான பாலம் ஒன்றைக் கடந்தே தீர வேண்டும். இரண்டு அடுக்குள்ள பெரிய கலங்கள் பலவற்றுக்கு இந்த உயரம் போதாது.

நிறுத்திடம்

கலத்தை வாங்கிய பின் நிறுத்திடம் தேடுவது சரியான வரிசையன்று. 50 அடிக்கு மேற்பட்ட கலத்துக்கான இடங்கள் எல்லாப் படகுத்துறைகளிலும் இருப்பதில்லை. பழைய கலங்களை ஏற்காத துறைகளும், கலத்தில் குடியிருக்க அனுமதிக்காத துறைகளும் உண்டு. நீளம், அகலம், நீரில் அமிழும் ஆழம் ஆகிய மூன்றையும் துறையினரிடம் கூறி உறுதி பெறுதல் வேண்டும். கரை மின்னிணைப்பின் வகையும் பொருந்த வேண்டும். பெரிய கலங்கள் பொதுவாக 50 ஆம்பியர், 125/250 வோல்ட் இணைப்பைப் பயன்படுத்துகின்றன. கலத்தைத் தூக்கிக் கரையேற்றக்கூடிய திறனுள்ள பாரந்தூக்கி அருகில் உள்ளதா என்பதையும் அறிந்துகொள்ளுதல் நன்று.

காப்புறுதி

பழைய பெரிய கலத்துக்குக் காப்புறுதி பெறுவது கடினம். பல காப்புறுதி நிறுவனங்கள் கலத்தின் வயது, கட்டுமானப் பொருள், உரிமையாளரின் முன் அனுபவம் ஆகியவற்றைக் கருத்திற் கொள்கின்றன. 25 அடிப் படகை மட்டுமே செலுத்திய ஒருவர் 55 அடிக் கலத்தை வாங்கும்போது, உரிமம் பெற்ற மாலுமி ஒருவரிடம் குறிப்பிட்ட மணிநேரம் பயிற்சி பெற வேண்டும் என நிபந்தனை விதிக்கப்படலாம். அட்லாண்டிக் சூறாவளிப் பருவமான ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை கலம் எங்கே இருக்கும், புயல் எச்சரிக்கை வந்தால் என்ன செய்யப்படும் என்பதற்கான எழுத்துத் திட்டமும் கேட்கப்படலாம்.

காப்புறுதியில் இரு முறைகள் உண்டு. முன்னரே ஒப்புக்கொண்ட மதிப்பை முழு இழப்பின்போது வழங்குவது ஒரு முறை. இழப்பு நேர்ந்த நாளில் தேய்மானம் கழித்த மதிப்பை வழங்குவது மற்றொரு முறை. பழைய கலத்துக்கு இரண்டாம் முறையில் கிடைக்கும் தொகை மிகக் குறைவாக இருக்கலாம். காப்புறுதி இல்லாத கலத்தைப் பெரும்பாலான துறைகள் ஏற்பதில்லை. ஆகவே காப்புறுதி கிடைக்கும் என்பது உறுதியாகும் முன் பணத்தைக் கொடுத்துவிடலாகாது.

உடற்கூட்டின் வகைகள்

மரம்: பலகை இணைப்புகள், ஆணிகள், சட்டங்கள் ஆகியவற்றில் பழுது ஏற்படும். கடல்நீரைவிட, மேல்தளத்தின் வழியே கசியும் மழைநீரே மரத்தை விரைவில் உளுக்கச் செய்கிறது. மர வேலை அறிந்த தச்சர்கள் குறைந்து வருவதும் ஒரு சிக்கல்.

கண்ணாடியிழை: நீண்டகாலம் நீரில் இருக்கும்போது, மேற்பூச்சின் ஊடாக நீர் சவ்வூடு பரவல் முறையில் உட்புகுந்து கொப்புளங்களை உண்டாக்கலாம். சிறு கொப்புளங்கள் பெரும்பாலும் தோற்றக் குறையே. கூடு முழுவதும் பரவிய கொப்புளங்களை நீக்க, மேலடுக்கைச் சீவி, பல வாரங்கள் அல்லது மாதங்கள் உலரவிட்டு, எப்பாக்சிப் பூச்சு இட வேண்டும். இதைவிடக் கவனிக்க வேண்டியது மேல்தளம் ஆகும். பல கலங்களின் மேல்தளத்தில் இரு கண்ணாடியிழை அடுக்குகளின் நடுவே பால்சா மரம் அல்லது ஒட்டுப்பலகை வைக்கப்பட்டிருக்கும். திருகாணித் துளைகள் வழியே நீர் புகுந்தால் இந்த நடு அடுக்கு அழுகிவிடும். அழகுக்காகப் பதிக்கப்பட்ட தேக்குப் பலகைகளை இறுக்கும் நூற்றுக்கணக்கான திருகாணிகள் ஒவ்வொன்றும் நீர் புகும் வழியாகலாம்.

எஃகு, அலுமினியம்: இவை வலிமை மிக்கவை. எனினும் எஃகு உட்புறமிருந்தே துருப்பிடித்து மெலிவதுண்டு. மீயொலிக் கருவியால் தகட்டின் தடிப்பைப் பல இடங்களில் அளந்து பார்த்தல் இன்றியமையாதது.

எஞ்சின்கள்

1960கள் முதல் 1980கள் வரை கட்டப்பட்ட அமெரிக்க யாட்டுகள் பலவற்றில் டெட்ராய்ட் டீசல் எஞ்சின்கள் பொருத்தப்பட்டன. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1938 இல் அறிமுகப்படுத்திய 71 வரிசையின் பெயர், ஒவ்வொரு சிலிண்டரின் கொள்ளளவு 71 கன அங்குலம் என்பதிலிருந்து வந்தது. எட்டு சிலிண்டர் கொண்ட 8வி-71 எஞ்சினின் மொத்தக் கொள்ளளவு 568 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 9.3 லிட்டர் ஆகும். இவை ஈரடிப்பு டீசல் எஞ்சின்கள். இவற்றுக்கு எஸ்ஏஇ 40 தர ஒற்றைநிலை எண்ணெய் பரிந்துரைக்கப்படுகிறது. நாற்படிப்பு எஞ்சினுக்குரிய பலநிலை எண்ணெயைப் பழக்கத்தால் ஊற்றிவிடுவது புதிய உரிமையாளர்கள் செய்யும் தவறுகளுள் ஒன்று.

எஞ்சின் எத்தனை மணிநேரம் ஓடியது என்பது ஓரளவு மட்டுமே பயன்படும் தகவல். மிகக் குறைந்த மணிநேரம் ஓடிய பழைய எஞ்சின் நல்லது எனக் கொள்ள இயலாது. ஓடாமல் நின்ற எஞ்சினில் துரு, அடைப்பு, காய்ந்து போன ரப்பர் உறுப்புகள் ஆகியன இருக்கும். கடல்நீரால் குளிரூட்டப்படும் வெப்பமாற்றியில் உப்பும் சிப்பியும் படிந்தால் எஞ்சின் மிகையாகச் சூடேறும். ஒருமுறை கடுமையாகச் சூடேறிய எஞ்சினின் சிலிண்டர் தலைப்பகுதி வெடிப்புறலாம். எனவே எண்ணெய் மாற்றிய நாட்கள், வெப்பமாற்றியைத் துப்புரவு செய்த நாட்கள் ஆகியவற்றின் எழுத்துப் பதிவே எஞ்சினைப் பற்றிய சிறந்த சான்று ஆகும்.

எரிபொருள் செலவு வேகத்தைப் பொறுத்தது. நீரைப் பிளந்து செல்லும் கலத்தின் இயல்பான உச்ச வேகத்தை, நீர்மட்ட நீளத்தின் (அடியில்) வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கிக் கணிக்கலாம். நீர்மட்ட நீளம் 49 அடி எனில் இது ஏறத்தாழ 9.4 நாட் ஆகும். இவ்வேகத்தைத் தாண்டினால் தேவைப்படும் திறன் மிக வேகமாக உயரும். டீசல் எஞ்சின் ஒரு மணிநேரத்தில் ஓர் அமெரிக்க கேலனுக்கு ஏறத்தாழ 20 குதிரைத்திறன் தரும் எனக் கொள்ளலாம். இத்தகைய கலம் 8 நாட் வேகத்தில் செல்ல 100 குதிரைத்திறனும், 15 நாட் வேகத்தில் செல்ல 600 குதிரைத்திறனும் தேவை எனக் கொண்டால், 100 கடல்மைல் பயணத்துக்கான கணக்கு பின்வருமாறு அமையும்.

- 8 நாட் வேகத்தில்: 12.5 மணிநேரம், மணிக்கு 5 கேலன், மொத்தம் 62.5 கேலன் (ஏறத்தாழ 237 லிட்டர்).
- 15 நாட் வேகத்தில்: ஏறத்தாழ 6.7 மணிநேரம், மணிக்கு 30 கேலன், மொத்தம் 200 கேலன் (ஏறத்தாழ 757 லிட்டர்).

பயண நேரம் பாதியளவு குறைய, எரிபொருள் மூன்று மடங்குக்கும் மேல் கூடுகிறது.

ஆய்வு

வாங்குபவர் தம் செலவில் கடற்கல ஆய்வாளர் ஒருவரை அமர்த்துவது வழக்கம். அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்ட கடற்கல ஆய்வாளர் கழகம், தேசியக் கடற்கல ஆய்வாளர் சங்கம் ஆகியவை இத்துறையில் அறியப்பட்ட தொழில்முறை அமைப்புகள். விற்பவரோ தரகரோ பரிந்துரைக்கும் ஆய்வாளரைவிட, வாங்குபவர் தாமே தேர்ந்தெடுக்கும் ஆய்வாளர் நம்பகமானவர். ஆய்வு பொதுவாக மூன்று பகுதிகளைக் கொண்டது.

1. கரையேற்றிய ஆய்வு: கலத்தை நீரிலிருந்து தூக்கி, அடிக்கூட்டைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்ப்பர். உறுதியான பகுதி தெளிந்த ஒலியும், உள்ளே பிரிந்த பகுதி மந்தமான ஒலியும் தரும். ஈரப்பதமானியும் பயன்படும். சுக்கான், உந்துவிசிறி, தண்டு, தாங்கிகள், கடல்நீர் வால்வுகள் ஆகியவை சோதிக்கப்படும்.
2. உட்புற ஆய்வு: மின்கம்பிகள், எரிபொருள் தொட்டிகள், குழாய்கள், சன்னல் கசிவுகள், அடிக்கிடங்கு ஆகியவை பார்க்கப்படும். தொட்டிகளுக்குத் தனிக் கவனம் தேவை. பல கலங்களில் எஞ்சினை வெளியே எடுக்காமல் தொட்டியை மாற்ற இயலாது.
3. கடலோட்டச் சோதனை: எஞ்சின்களை அவற்றின் முழுச் சுழல்வேகம் வரை ஓட்டி, அந்த வேகத்தை எட்டுகின்றனவா, வெப்பநிலை நிலையாக உள்ளதா, புகையின் நிறம் என்ன என்பன கவனிக்கப்படும். எஞ்சின் குளிர்ந்த நிலையில் தொடங்கப்பட வேண்டும். ஆய்வாளர் வருமுன் எஞ்சின் சூடாக்கப்பட்டிருந்தால், தொடங்குவதில் உள்ள குறை மறைந்துவிடும்.

எஞ்சினுக்கெனத் தனி வல்லுநரை அமர்த்துவது பெரிய கலங்களுக்கு இன்றியமையாதது. எண்ணெய் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினால், அதிலுள்ள உலோகத் துகள்கள், உப்பு, குளிர்விப்பு நீர் ஆகியவற்றைக் கொண்டு உள்ளுறுப்புகளின் தேய்மானத்தை ஓரளவு அறியலாம். ஒரே மாதிரியைவிட, பல ஆண்டுகளில் எடுத்த மாதிரிகளின் ஒப்பீடே தெளிவான முடிவைத் தரும்.

ஒப்பந்தமும் உரிமையும்

அமெரிக்காவில் வாங்குபவர் பொதுவாக விலையில் 10 விழுக்காட்டை முன்பணமாகச் செலுத்துவார். இத்தொகை விற்பவரிடம் அல்லாமல் தரகரின் தனி வைப்புக் கணக்கில் வைக்கப்படும். ஆய்வு, கடலோட்டச் சோதனை, காப்புறுதி ஆகியவை மனநிறைவு அளித்தால் மட்டுமே கொள்முதல் நிறைவேறும் என ஒப்பந்தத்தில் எழுதுதல் வேண்டும். ஏற்பதா, மறுப்பதா, விலைக் குறைப்புக் கோருவதா என்பதைக் குறித்த நாளுக்குள் வாங்குபவர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். புளோரிடா, கலிபோர்னியா மாநிலங்களில் யாட் தரகர்கள் மாநில உரிமம் பெற்றிருத்தல் கட்டாயம்.

உரிமை ஆவணம் தனிக் கவனத்துக்குரியது. கடல்சார் சட்டத்தின்படி, செலுத்தப்படாத பழுதுபார்ப்புக் கூலி, மாலுமி ஊதியம் போன்ற கடன்கள் உரிமையாளரை மட்டுமன்றிக் கலத்தையே பற்றி நிற்கும். இது கடல்சார் பற்றுரிமை எனப்படுகிறது. கலம் கைமாறினாலும் இப்பற்றுரிமை நீங்குவதில்லை. முன்னைய உரிமையாளர் வைத்துச் சென்ற கடனுக்காகப் புதிய உரிமையாளரின் கலம் நீதிமன்றத்தால் பிடித்து வைக்கப்படலாம்.

ஐந்து நிகர டன் அளவுக்குக் குறையாத கலங்களை, அமெரிக்கக் குடிமக்கள் கடலோரக் காவற்படையின் தேசியக் கல ஆவண மையத்தில் பதிவு செய்துகொள்ளலாம். இம்மையம் மேற்கு வர்ஜீனியாவின் ஃபாலிங் வாட்டர்ஸ் என்னும் ஊரில் உள்ளது. ஒரு கலத்தின் உரிமை வரலாற்றுச் சுருக்கத்தை அங்கு கட்டணம் செலுத்திப் பெறலாம். எனினும் பதிவு செய்யப்படாத பற்றுரிமைகளும் இருக்கக்கூடும். ஆகையால் கலம் நிறுத்தப்பட்டிருந்த துறையிலும், பழுதுபார்த்த பட்டறையிலும் நிலுவை உண்டா என நேரில் விசாரித்தல் நன்று. 1972 நவம்பர் 1 முதல் கட்டப்பட்ட கலங்களுக்கு 12 எழுத்தும் எண்ணும் கொண்ட கூட்டு அடையாள எண் உண்டு. அதன் முதல் மூன்று எழுத்துகள் கட்டிய நிறுவனத்தைக் குறிக்கும். ஆவணத்திலுள்ள எண்ணும் கலத்தின் பின்புறத்திலுள்ள எண்ணும் ஒன்றா எனச் சரிபார்க்க வேண்டும்.

முதல் ஆண்டுப் பராமரிப்பு

புதிய உரிமையாளர்கள் பலர் திரைச்சீலை, மெத்தை, வண்ணம், மின்னணுக் கருவிகள் ஆகியவற்றில் தொடங்குகின்றனர். பின்வரும் வரிசையே பொருத்தமானது.

1. மிதத்தல்: கடல்நீர் வால்வுகள், ரப்பர் குழாய்கள், இறுக்கு வளையங்கள், அடிக்கிடங்கு பம்ப்புகள், அபாய ஒலிப்பான்.
2. தீத்தடுப்பு: எரிபொருள் குழாய்கள், மின்கம்பிகள், தீயணைப்பான்கள்.
3. இயக்கமும் திருப்பமும்: எஞ்சின் குளிரூட்டல், சுக்கான் இணைப்புகள், நங்கூரம்.
4. வாழ்வசதி: குடிநீர், கழிப்பறை, குளிரூட்டி.
5. தோற்றம்.

பல கலங்கள் நடுக்கடலில் அன்றி, கட்டிய இடத்திலேயே மூழ்குகின்றன. நீர்மட்டத்துக்குக் கீழேயுள்ள ஒரு குழாய் வெடித்தால் நீர் தொடர்ந்து உட்புகும். பம்ப்பு ஓடும் வரை எவருக்கும் தெரியாது. மின்கலம் தீர்ந்தவுடன் கலம் மூழ்கும். இதைத் தடுக்க, கலத்தை விட்டு நீங்கும்போது கடல்நீர் வால்வுகளை மூட வேண்டும். பல ஆண்டுகள் திருப்பப்படாத வால்வு இறுகிப்போகும் என்பதால், அவற்றை அடிக்கடி திறந்து மூடிப் பழக்க வேண்டும். ஒவ்வொரு வால்வின் அருகிலும் அதன் துளைக்கேற்ற மரமுளை ஒன்றைக் கட்டி வைப்பது பழைய, மலிவான, பயனுள்ள முறை.

பழைய முறைத் தண்டு அடைப்பில், தண்டு சுழலும்போது நிமிடத்துக்குச் சில துளிகள் சொட்டுவது இயல்பு. அத்துளிகள் அடைப்பைக் குளிர்விக்கின்றன. சொட்டு முற்றிலும் நிற்கும்படி இறுக்கினால் அடைப்பு சூடேறித் தண்டு தேயும்.

மின்வேதி அரிமானம்

கடல்நீரில் இரு வேறு உலோகங்கள் மின்தொடர்பில் இருந்தால், அவற்றுள் வினைத்திறன் மிக்கது கரையும். வெண்கல உந்துவிசிறியையும் எஃகுத் தண்டையும் காக்க, அவற்றைவிட எளிதில் கரையும் துத்தநாகக் கட்டிகள் பொருத்தப்படுகின்றன. இவை பாதியளவு கரைந்தவுடன் மாற்றப்பட வேண்டும். நன்னீரில் மக்னீசியக் கட்டிகள் பயன்படுகின்றன. கட்டிகள் வழக்கத்தைவிட வேகமாகக் கரைந்தால், கலத்திலோ அருகிலுள்ள கலத்திலோ மின்கசிவு உண்டா என ஆராய வேண்டும்.

அடிப்பூச்சு

பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்கச் செம்புச் சேர்மம் கலந்த வண்ணம் பூசப்படுகிறது. முற்காலத்தில் டிரைபியூட்டைல் டின் என்னும் நச்சுச் சேர்மம் பயன்பட்டது. அமெரிக்கா இதனை 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்டுப்படுத்தியது. 2001 இல் உருவான பன்னாட்டு உடன்படிக்கை 2008 இல் நடைமுறைக்கு வந்தது. பழைய கலங்களின் அடியடுக்குகளில் இந்நச்சு இன்னும் இருக்கக்கூடும். ஆகவே பழைய பூச்சைச் சுரண்டும்போது முகக்காப்பு அணிவதும் தூசைச் சேகரிப்பதும் தேவை.

காலங்கடந்த உறுப்புகள்

பழைய குளிரூட்டிகள் பலவற்றில் ஆர்-22 வளிமம் உள்ளது. அமெரிக்காவில் இதன் புதிய உற்பத்தியும் இறக்குமதியும் 2020 ஜனவரி 1 முதல் நிறுத்தப்பட்டன. மீட்டெடுத்த வளிமம் மட்டுமே கிடைப்பதால், கசியும் பழைய குளிரூட்டியைப் பழுதுபார்ப்பதைவிட மாற்றுவதே சில வேளைகளில் சிக்கனமாகும். பழைய புகைக்குழாய்ச் சுற்றுகளில் கல்நார் இருக்கக்கூடும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

உயிராபத்துகள்

நச்சுப்புகை: எஞ்சின், மின்னாக்கி ஆகியவற்றின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. பின்காற்று வீசும்போதும், பக்கத்துக் கலத்தின் மின்னாக்கி ஓடும்போதும் இது உறங்கும் அறைகளுள் புகலாம். ஒவ்வோர் உறங்கும் அறையிலும் உணர்கருவி பொருத்துதல் அவசியம்.

நீரில் மின்தாக்கு: கரை மின்னிணைப்பிலிருந்து கசியும் மாறுமின்னோட்டம் நீரில் பரவினால், அங்கு நீந்துபவரின் தசைகள் செயலிழந்து அவர் மூழ்கிவிடுவார். உப்புநீர் மனித உடலைவிட நன்கு மின்கடத்துவதால் ஆபத்து குறைவு. நன்னீரில் மின்னோட்டம் உடல் வழியே பாய்வதால் ஆபத்து மிகுதி. மின்னிணைப்புள்ள படகுத்துறை அருகே நீந்தலாகாது. 1954 இல் நிறுவப்பட்ட அமெரிக்கப் படகு மற்றும் யாட் மன்றத்தின் தரநிலைகள், 30 மில்லிஆம்பியர் கசிவில் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் கருவியைக் கோருகின்றன. பழைய கலங்களில் இக்கருவி இராது. இதனைப் பொருத்துவது முதல் ஆண்டுப் பணிகளுள் ஒன்றாக இருத்தல் வேண்டும்.

தீ: கரை மின்கம்பியின் செருகியில் தளர்ந்த இணைப்பு சூடேறித் தீப்பற்றுவது பரவலான காரணம். கருகிய செருகியை உடனே மாற்ற வேண்டும். பெட்ரோல் எஞ்சினுள்ள கலங்களில், தொடங்குமுன் குறைந்தது நான்கு நிமிடம் காற்றோட்ட விசிறியை ஓட்டி ஆவியை வெளியேற்ற வேண்டும். டீசல் ஆவி எளிதில் வெடிப்பதில்லை என்பதே பெரிய கலங்களில் டீசல் விரும்பப்படுவதற்கு ஒரு காரணம். 2022 ஏப்ரல் 20 முதல், மீண்டும் நிரப்ப இயலாத தீயணைப்பான்கள் உற்பத்தியாகி 12 ஆண்டுகள் ஆனபின் ஏற்கப்படுவதில்லை.

கழிவு விதிகள்

அமெரிக்கக் கரையிலிருந்து மூன்று கடல்மைலுக்குள் சுத்திகரிக்கப்படாத கழிவுநீரைக் கடலில் விடுவது தடை செய்யப்பட்டுள்ளது. கழிவைத் தொட்டியில் சேமித்துக் கரையில் உறிஞ்சி எடுக்கச் செய்ய வேண்டும், அல்லது அனுமதிக்கப்பட்ட கருவியால் சுத்திகரிக்க வேண்டும். எளிய முதல்வகைச் சுத்திகரிப்புக் கருவி 65 அடிக்கு மேற்படாத கலங்களுக்கு மட்டுமே அனுமதிக்கப்படுகிறது. சுத்திகரித்த நீரையும் விடக்கூடாத பகுதிகள் உண்டு. பழைய கலங்கள் இவ்விதிகளுக்கு முன் கட்டப்பட்டவையாக இருந்தால், குழாயமைப்பை மாற்ற வேண்டியிருக்கும்.

செலுத்தும் பயிற்சி

சொந்த உல்லாசக் கலத்தைச் செலுத்த அமெரிக்க நடுவண் அரசின் உரிமம் தேவையில்லை. மாநில விதிகள் வேறுபடும். எடுத்துக்காட்டாக, புளோரிடாவில் 1988 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்கள் 10 குதிரைத்திறன் அல்லது அதற்கு மேற்பட்ட படகைச் செலுத்தப் படகோட்டப் பாதுகாப்பு அடையாள அட்டை பெற வேண்டும். சட்டம் கோராவிட்டாலும் பயிற்சி இன்றியமையாதது. 25 டன் எடையுள்ள கலத்தைக் கையால் தள்ளியோ காலால் தடுத்தோ நிறுத்த இயலாது. அவ்வாறு முயன்று கை கால்களை இழந்தோர் உண்டு.

இரட்டை எஞ்சினுள்ள கலத்தில் ஓர் எஞ்சினை முன்னோக்கியும் மற்றதைப் பின்னோக்கியும் இயக்கினால் கலம் நின்ற இடத்திலேயே திரும்பும். காற்றில்லாத நாளில், அனுபவமுள்ள மாலுமியின் துணையோடு, குறைந்த வேகத்தில் இதனைப் பலமுறை பழகுதல் வேண்டும். 1914 இல் தோன்றிய அமெரிக்க விசைப்படகு அணிகள் அமைப்பும், கடலோரக் காவற்படையின் துணைப்படையும் தொடக்க வகுப்புகளை நடத்துகின்றன. 12 மீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட கலங்கள், அமெரிக்க உள்நாட்டு நீர்வழிகளில் நீர்வழி விதிநூலின் படி ஒன்றை உடன் வைத்திருத்தல் கட்டாயம்.

பதிவேடு

ஒவ்வொரு பணியையும் நாள், எஞ்சின் மணிநேரம், உறுப்பின் எண், செலவு ஆகியவற்றோடு பதிவு செய்வது நற்பழக்கம். பொதுவான கால ஒழுங்கு வருமாறு.

- ஒவ்வொரு பயணத்துக்கும் முன்: எண்ணெய், குளிர்விப்பு நீர், பட்டைகள், அடிக்கிடங்கு.
- ஒவ்வொரு மாதமும்: கடல்நீர் வால்வுகள், மின்கலங்கள், பம்ப்புகளின் மிதவை விசைகள்.
- ஒவ்வோர் ஆண்டும்: எண்ணெய், வடிகட்டிகள், கடல்நீர்ப் பம்ப்பின் ரப்பர் சுழலி, துத்தநாகக் கட்டிகள்.
- சில ஆண்டுகளுக்கு ஒருமுறை: வெப்பமாற்றித் துப்புரவு, அடிப்பூச்சு, தண்டுத் தாங்கிகள், ரப்பர் குழாய்கள்.

பதிவேடு உள்ள கலம் விற்கும்போதும் நல்ல விலை பெறும்.

கைவிடப்படும் கலங்கள்

பராமரிக்க இயலாத உரிமையாளர்கள் கலத்தை விற்க முயல்கின்றனர். வாங்குவோர் இல்லாதபோது விலை மேலும் குறைகிறது. இறுதியில் சில கலங்கள் இலவசமாகவே கொடுக்கப்படுகின்றன. அவற்றைப் பெறுவோர் பெரும்பாலும் பராமரிக்கும் வசதி மிகக் குறைந்தவர்களே. கண்ணாடியிழை மக்கிப் போவதில்லை, எளிதில் மறுசுழற்சி செய்யவும் இயலாது. இதனால் உடைத்து அப்புறப்படுத்தும் செலவு கடைசி உரிமையாளரின் மேல் விழுகிறது. நீர்நிலையில் சிதைந்த கலத்தை விட்டுச் செல்வது புளோரிடா மாநிலத்தில் தண்டனைக்குரிய குற்றம் ஆகும். ஆகவே ஒரு பழைய கலத்தின் விலை மிகக் குறைவாக இருப்பின், அதன் தொடர் செலவை முன்னைய உரிமையாளர் தாங்க இயலாமற் போனதே அதற்குக் காரணமா என்பதை வாங்குபவர் முதலில் அறிய வேண்டும். நன்கு பேணப்பட்ட கலத்தைச் சற்றுக் கூடுதல் விலை கொடுத்து வாங்குவது, பேணப்படாத கலத்தை மலிவாக வாங்கிச் செப்பனிடுவதைவிடப் பெரும்பாலும் குறைந்த செலவில் முடிகிறது.